மருதாணி வேலிக்குள் ‘டக்… டக்’: அந்தப் பழுப்புக் குருவி எது?

கேள்வி இது: மதுரைக்கு வெளியே வீடு. புரட்டாசி பிறந்ததிலிருந்து மருதாணி வேலிக்குள் ஒரு சிறிய பழுப்புக் குருவி இருக்கிறது. காலையிலும் மாலையிலும் ‘டக்… டக்’ என்று ஒரே சத்தம். வெளியே மட்டும் வருவதில்லை. அம்மா அதைத் தையல்சிட்டு என்கிறார். கைப்பேசிச் செயலி ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு பெயர் சொல்கிறது. உடம்பில் கோடு, புள்ளி, பட்டை எதுவுமே இல்லாத குருவியை எதை வைத்து அடையாளம் காண்பது?

பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. அறிவியல் பெயர் அக்ரோசெபாலஸ் டுமெட்டோரம். தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் வலசை வரும் சிறு பறவைகளில் மிகச் சாதாரணமான ஒன்று. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டிய நந்தியாவட்டையிலும் இருக்கும், யாழ்ப்பாணத்து வீட்டு வேலியிலும் இருக்கும், கொடைக்கானல் போகும் வழியில் உன்னிப் புதருக்குள்ளும் இருக்கும். பெயரில் நாணல் இருக்கிறதே என்று ஏரிக்கரையில் தேட வேண்டாம். இதற்கு நாணல் அவ்வளவாகத் தேவையில்லை, அடர்ந்த புதர் போதும். இத்தனை இடத்தில் இருந்தும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைப் பார்த்ததில்லை என்பதற்குக் காரணம், நீங்கள் சொன்னதேதான்: வெளியே வருவதில்லை.

செயலியின் மேல் கோபப்பட வேண்டாம். இலைகளுக்கு நடுவே பாதி உடம்பு தெரியும் பழுப்புக் குருவியின் படத்தை யாரிடம் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். நிறத்தில் தொடங்கினால் இந்தக் குருவி பிடிபடாது. வெயிலில் ஒரு பழுப்பு, நிழலில் ஒரு பழுப்பு, செம்பருத்தி இலையின் பச்சை பட்டால் இன்னொரு பழுப்பு. ஆகவே இதற்கு நிறம் கடைசிச் சாட்சி. மாதத்தையும் சத்தத்தையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

மாதத்தை எடுத்துக்கொள்வோம். தையல்சிட்டும் கதிர்க்குருவிகளில் நம் ஊரிலேயே கூடு கட்டும் இனங்களும் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவை. பிளித் நாணல் கதிர்க்குருவி அப்படியல்ல. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தென்னிந்தியாவுக்கு வந்து சேரும். ஏப்ரலில் பெரும்பாலானவை கிளம்பிவிடும், சில மே முதல் வாரங்கள் வரை தங்கும். ஆடி மாதத்தில் உங்கள் வேலியில் அந்தச் சத்தம் இருந்ததா என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள். இல்லை, புரட்டாசியில்தான் ஆரம்பித்தது என்றால் தையல்சிட்டு என்ற பேச்சு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். உங்கள் கேள்வியிலேயே மிகப் பெரிய துப்பு அந்தப் ‘புரட்டாசி’ என்ற சொல்தான்.

அடுத்தது சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்து வெடுக்கென்று இழுத்துப்பாருங்கள், ஒரு ‘ட்ச்க்’ வரும். கிட்டத்தட்ட அதுதான். ஒரு முறை, இரண்டு மூன்று விநாடி அமைதி, மறுபடி ஒரு முறை. சுரம் ஏறாது, இறங்காது, ராகம் கிடையாது. யாராவது வேலியருகே நடந்தாலோ, பூனை வந்தாலோ, இன்னொரு கதிர்க்குருவி எல்லைக்குள் நுழைந்தாலோ ‘டக்’குகள் நெருங்கி வரும், நடுவில் ‘ட்ர்ர்’ என்று ஒரு கரகரப்பும் சேரும். வந்த புதிதில் சத்தம் அதிகமாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் இடம் பிடிக்கும் தகராறு நடக்கிறது. குளிர்காலத்தில் இவை கூட்டமாக வாழ்வதில்லை. ஆளுக்கொரு புதர் என்று பிரித்துக்கொண்டு தனியாகவே இருக்கும். மார்கழி வாக்கில் உங்கள் வேலியில் சத்தம் குறைந்தால் குருவி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், வழக்கு தீர்ந்திருக்கும்.

அதே மாதிரி ‘டக்’ சொல்லும் மற்றவர்களையும் கழித்துவிட வேண்டும். பல்லி சொல்லும், அதன் ஒலிகள் ஒரே மூச்சில் நாலைந்து சேர்ந்து வந்து நின்றுவிடும், பெரும்பாலும் சுவரிலிருந்து. அணில் சொல்வது ‘சிக் சிக் சிக்’ என்று நிற்காமல் ஓடும், கூடவே வாலும் ஆடும். சாம்பல் கதிர்க்குருவி செய்வது இன்னும் வேடிக்கை: ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குத் தாவிப் பறக்கும்போது ‘சட்சட்’ என்று ஒரு முறிவொலி கிளம்பும். அது தொண்டையிலிருந்து வருவதல்ல, இறக்கையிலிருந்து எழுவதாகவே பலரும் சொல்கிறார்கள். ஆகவே ஒரு சோதனை: சத்தம் வரும்போது குருவி உட்கார்ந்திருக்கிறதா, பறக்கிறதா? உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்தால் பிளித். பறக்கும்போது மட்டும் வந்தால் சாம்பல் கதிர்க்குருவி.

காதால் பறவையைப் பிரிப்பது புதிய வித்தையும் அல்ல. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், ஒரே பறவை என்று எல்லோரும் நினைத்திருந்த சிறு இலைக் கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று தனி இனங்கள் என்று 1768-இல் எழுதினார். அவர் முதலில் பிடித்துக்கொண்ட துப்பு அவற்றின் பாட்டு. தொலைநோக்கி கைக்கு எட்டாத காலம் அது. நம் கையில் இன்று தொலைநோக்கியும் நல்ல கேமராவும் இருப்பதாலேயே காதை மறந்துவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சரி, குருவி கண்ணில் பட்டால் என்ன பார்ப்பது? வேலிக்கு எதிரே பத்தடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் வெயில் விழும்படி ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முதலில் இலை அசையும், குருவி தெரியாது. பிறகு தண்டின் ஓரமாக ஒரு நீண்ட கூர்மையான அலகு வரும், அதன் பின்னால் தட்டையான நெற்றி. இந்தக் குருவியின் முகத்தில் படிக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்றுதான்: அலகின் அடியிலிருந்து கண் வரை ஓடும் வெளிர்நிறக் கோடு. கண்ணுக்கு முன்னால் தெளிவாக இருக்கும். கண்ணைத் தாண்டியதும் மங்கி, சிறிது தூரத்தில் மறைந்துவிடும். கண்ணைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையம். மேல் அலகு கருமை. கீழ் அலகு இளஞ்சிவப்பில் தொடங்கி நுனியில் கருமை கலந்திருக்கும். முதுகு, இறக்கை, வால் மூன்றும் ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. அடிப்பகுதி அழுக்கேறிய வெள்ளை. இறக்கையில் பட்டை இல்லை, வாலோரத்தில் வெள்ளை இல்லை, மார்பில் புள்ளி இல்லை. இத்தனை ‘இல்லை’களும் சேர்ந்ததுதான் இதன் அடையாளம். நீளம் ஏறத்தாழ 13 செ.மீ.; எடை 10 முதல் 12 கிராம் போலத்தான் வரும், வீட்டுச் சிட்டுக்குருவியில் பாதிகூடத் தேறாது.

உட்காரும் விதமும் உதவும். தலையும் வாலும் சற்று மேலே தூக்கியிருக்க, வயிறு கீழே வளைந்திருக்கும். பறவை நோக்குபவர்கள் இதை வாழைப்பழ வளைவு என்பார்கள். ‘டக்’ சொல்லும்போது வாலைச் சிறிது தூக்கி விரிக்கும். அப்படி விரியும்போது வால் நுனி வட்டமாக இருப்பது தெரியும். இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இலைகளின் அடிப்புறத்தில் தொங்கும் சிலந்தி, புழு, சிறு வண்டு இவற்றைப் பொறுக்கியபடி, தண்டு தண்டாகத் தாவி வேலியின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும். அவசரம் கிடையாது. தரையிலிருந்து தலை உயரம் வரைதான் பெரும்பாலும் நடமாட்டம், முருங்கை பூத்திருந்தால் அங்கே ஏறுவதும் உண்டு.

இனி அம்மாவின் தையல்சிட்டு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதே வேலியில் தையல்சிட்டும் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் தையல்சிட்டு ஒளிந்து வாழும் பறவை இல்லை. அதன் முதுகு பச்சை, நெற்றியும் உச்சியும் துருச்சிவப்பு, வால் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். குரலோ, அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத உரத்த ‘டுவிட் டுவிட் டுவிட்’. தெருமுனை வரை கேட்கும். கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கறுப்புத் திட்டு தோன்றி மறையும். இறகு விலகுவதால் தெரியும் கருந்தோல் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வால் நடுவில் இரண்டு இறகுகள் ஊசிபோல் நீண்டிருக்கும். பெரிய இலையின் விளிம்பில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து இலையைச் சுருட்டித் தைப்பது இதுதான். அம்மாவுக்குத் தெரிந்த குருவி இது என்றால், இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிட்டால் போதும், அதன் பிறகு அவரே உங்களுக்குப் பிரித்துச் சொல்வார்.

சாம்பல் கதிர்க்குருவியைக் கண்ணால் பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை: சாம்பல் தலை, சிவந்த கண், மார்பும் வயிறும் இளம் ஆரஞ்சு, நீண்ட வாலின் நுனியில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். சாதா கதிர்க்குருவி வயல்வெளிப் புல்லை விட்டு வீட்டு வேலிக்கு அதிகம் வராது. அதன் வாலும் நீளம்.

மரத்தின் மேலே இலைகளுக்கு நடுவில் பொடியாக ஏதோ ஓடுகிறது, ‘ச்சிஸ்வீட்’ என்று இரண்டு அசையில் கூப்பிடுகிறது என்றால், அது வேறு கதை. இலைக் கதிர்க்குருவிகள் எனப்படும் பச்சைநிற விருந்தாளிகள் அவை. பிளித் வேலிக்குள் இருக்கும்போது இவை வேப்பமர உச்சியில் இருக்கும். கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர்கோடு, இறக்கையில் ஒரு மெல்லிய பட்டை (தேய்ந்தால் அதுவும் போய்விடும்). களக்காடு முண்டந்துறைக் காட்டில் மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைசும் 1990-களில் இவற்றைத்தான் ஆராய்ந்தார்கள்: மழைக்கும் இலைப்பூச்சிகளுக்கும் குளிர்காலத்தைக் கழிக்க வரும் இந்தக் குருவிகளுக்கும் என்ன உறவு என்று. வடகிழக்குப் பருவமழை நமக்கு மட்டும் சோறு போடுவதில்லை.

இப்போது உண்மையான தலைவலிக்கு வருவோம். அனுபவமுள்ளவர்களே அடித்துக்கொள்ளும் இடம் இது. பிளித்தைப் போலவே வெறும் பழுப்பாக, அதே மாதிரி ‘டக்’ சொல்லும் இன்னும் சில இனங்கள் குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. பூட்டட் கதிர்க்குருவி, அதன் நெருங்கிய உறவான சைக்ஸ் கதிர்க்குருவி இரண்டும்தான் முதல் சந்தேகம். இவற்றின் இடம் வேறு: கரிசல் காட்டு உடைமரம், கருவேலம், வறண்ட பொட்டல் புதர். மதுரைக்குத் தெற்கே விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் போனால் இவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். நிறம் பிளித்தைவிட வெளிறியிருக்கும். வால்தான் நல்ல துப்பு: இவற்றின் வால் நுனி நேராக வெட்டியதுபோல் இருக்கும், ஓரத்தில் மங்கலான வெள்ளையும் உண்டு. பிளித்தின் வால் வட்டம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். வாலின் அடிப்பாகத்தைக் கீழிருந்து மூடியிருக்கும் சிறு இறகுகளும் பிளித்துக்கு நீளம். அதனால் பின்பக்கம் கனமாகத் தெரியும், பூட்டட்டுக்குச் சன்னமாகத் தெரியும். பூட்டட்டின் அலகும் குட்டை. சைக்ஸின் அலகு நீளம் என்பதால் அங்கே அலகை நம்ப முடியாது, வாலுக்கே திரும்ப வேண்டும்.

அதே உடைமரக் காட்டில் சாம்பல் தலையும், கன்னத்தில் கருமையும், பளிச்சென்ற வெண்தொண்டையும் உள்ள ஒரு குருவி ‘டெக்’ என்றால் அது வெண்தொண்டைக் கதிர்க்குருவி. அதைப் பார்த்த கணமே தெரிந்துவிடும்.

தண்ணீர் ஓரத்தில் இரண்டு பேர். நெல்வயல் கதிர்க்குருவிக்குக் கண்ணுக்கு மேல் உள்ள வெள்ளைக் கோடு நீளம். கண்ணைத் தாண்டி நன்றாகப் பின்னால் போகும், அதன் மேல்விளிம்பில் கருங்கோடும் தெரியும். உடம்பில் செம்பழுப்பு ஏறியிருக்கும், அலகு குட்டை. வயலும் கோரையும் அதன் வீடு. பெரிய நாணல் கதிர்க்குருவி கண்மாய்ச் சம்பங்கோரைக்குள்ளிருந்து கரகரவென்று ஊரைக் கூட்டும். கொண்டைக்குருவி அளவு இருப்பதால் அதைப் பிளித்தோடு குழப்ப வாய்ப்பில்லை.

கையில் பிடித்து அளந்தால் சந்தேகம் தீரும். இறக்கையின் நீள இறகுகளில் எவை எங்கே குறுகுகின்றன, எது எதைவிட நீளம் என்ற கணக்கு இனத்துக்கு இனம் மாறும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக வலைவிரித்துப் பறவைகளுக்கு வளையமிடும்போது செய்வது இதைத்தான். அது பயிற்சியும் அரசு அனுமதியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் எவரும் குருவியைப் பிடிக்கக் கூடாது, சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

பிளித் யார் என்று கேட்பீர்கள். எட்வர்ட் பிளித், லண்டனில் 1810-இல் பிறந்தவர். 1841-இல் கல்கத்தாவுக்கு வந்து, ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் காப்பாளராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். சம்பளம் குறைவு, உடல்நலமும் சரியில்லை. வெளியே சுற்றியதைவிட, நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த பறவைத் தோல்களோடு மேசையருகே கழிந்த நாள்களே அதிகம். சார்லஸ் டார்வினோடு நிறையக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இந்தக் குருவியை ஒரு தனி இனமாக அவர் விவரித்தது 1849-இல். குரல் இல்லாத வெறும் தோலை வைத்து இப்படியொரு குறியில்லாத குருவியைப் பிரித்தெடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

இந்தக் குருவி கோடையில் எங்கே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பின்லாந்து, பால்டிக் நாடுகள், ரஷ்யா, கஜகஸ்தான் என்று நீளும் பெரும் நிலப்பரப்பில் புதர்க் காட்டிலும் ஆற்றோரத்திலும் கூடு கட்டுகிறது. ஹெல்சின்கியிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 7,000 கி.மீ. உங்கள் வேலியில் இருப்பது பின்லாந்துக்காரரா சைபீரியாக்காரரா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐரோப்பாவில் பிறப்பவைகூட ஆப்பிரிக்காவுக்குத் திரும்பாமல் கிழக்கே வளைந்து, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே வருகின்றன. பயணம் இரவில், தனித்தனியாக. அங்கே இது பாடுவதைக் கேட்டால் நம் வேலியில் ‘டக்’ சொல்லிக்கொண்டிருந்த ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிடும்: நள்ளிரவில் தொடங்கி, மற்றப் பறவைகளின் குரல்களைத் தன் பாட்டில் கோத்து, ஒவ்வொரு வரியையும் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பாடும். நமக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் கிளம்புவதற்கு முன்னால் விடியற்காலையில் வேலிக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்புப் பாட்டு வரும். இடையிடையே அந்த ‘டக்’கும் விழும். அதைக் கேட்டுவிட்டால் இனம் பற்றிய சந்தேகம் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது. படத்தை விட்டுவிட்டு ஒலியைப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியை வேலியருகே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டால் நன்றாகவே பதிவாகும். அதைச் செனோ-கான்டோ இணையதளத்தில் உள்ள பறவை ஒலிப்பதிவுகளோடு ஒப்பிடலாம். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலிக்கு ஒற்றை ‘டக்’ போதாது. கரகரப்பும் சேர்ந்தால் ஓரளவு தேறும். பறவை நோக்குபவர்களின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் தளத்தில் மதுரை மாவட்டத்தின் மாதவாரிப் பட்டியலைத் திறந்தால், எந்தக் குருவி எந்த மாதத்தில் இங்கே பதிவாகிறது என்பது பட்டை பட்டையாகத் தெரியும். செயலி சொல்லும் பெயரை அதில் வைத்துச் சரிபாருங்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் முகத்தோடு நிறுத்தாமல் வாலின் அடிப்பகுதியையும் எடுங்கள். பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு அதை வெளியே இழுக்க மட்டும் முயல வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும். அதைவிட, வேலியின் அடியில் நிழலாக ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்தால், மாலை வெயில் தாழ்ந்ததும் குளிக்க வர வாய்ப்புண்டு. மருதாணியைக் கவாத்து செய்வதைச் சித்திரை கழியும் வரை தள்ளிப்போடுங்கள். பூச்சிமருந்தும் வேண்டாம், அந்தப் பூச்சிகளுக்காகத்தான் இது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டு வேலியையே ஓர் இடமாகச் சேர்க்கலாம். கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். காதால் மட்டும் கேட்டதையும் பட்டியலில் எழுதலாம், தவறில்லை.

வைகாசி நன்றாகப் பிறந்த பிறகும் அதே சத்தம் வேலியில் கேட்டால் மறுபடி எழுதுங்கள். அப்போது நான் சொன்ன பெயர் நிற்காது. முதலில் சாம்பல் கதிர்க்குருவியையும், அதற்கடுத்து சுவரில் இருக்கும் பல்லியையும்தான் விசாரிக்க வேண்டியிருக்கும்.